இங்கிலீஷ் ஆட்டுக்காரர்

ஏற்காட்டு மலையில் ரகசியம் காப்பதில் இங்கிலீஷ் ஆட்டுக்காரரை மிஞ்ச ஆளே கிடையாது. தன் ரகசியத்தை அவர் தினமும் சாயங்காலம், வாழவந்தி முழுக்கக் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்திச் சொன்னார். அதுவும் வரிசை மாறாமல். அப்படியும் அது ரகசியமாகவே இருந்தது. பேங்க்கில் லாக்கர் சாவியோடும் பாஸ்வேர்டோடும் மல்லுக்கட்டியே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு அந்த வித்தை கைவரவே இல்லை.

நான் அப்போது ஏற்காட்டுக் கிளையில் கேஷியர். டவுனில் வீட்டு வாடகையையும் டூரிஸ்ட்டுக்குச் சொல்கிற கணக்கிலேயே சொன்னார்கள். கோபித்துக்கொண்டு வாழவந்திக்கு வந்து ஒரு ஓட்டு வீடு பிடித்தேன். காற்று, தண்ணீர், காலை பஸ் எல்லாவற்றையும் பற்றி விலாவாரியாகச் சொன்ன வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

முதல் நாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வெளியே ஒரு குரல்.

"விண்டர்ர்ர்!"

கொஞ்சம் இடைவெளி. பிறகு, "லெமன்!"

யாரோ பாடம் நடத்துகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்து "போலீஸ்!" என்றதும் அரிசியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். குரங்குத் தொப்பி, கட்டம் போட்ட லுங்கி, சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பட்டி வாசலில் நின்று கூப்பிட, ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அம்ப்ரெல்லா, டாக்டர், ஹஸ்பண்ட், ஆனியன், டூரிஸ்ட், கிச்சன்... ஹஸ்பண்ட் ஒரு பெட்டை ஆடு. கிச்சன் அவசரப்பட்டு டூரிஸ்ட்டுக்கு முன்னால் நுழைந்தது. உடனே அதன் காதைப் பிடித்து வெளியே கொண்டுவந்து நிறுத்தி, "உன்னயக் கூப்ட்டனா கண்ணு? கூப்ட்டாத்தான வரோணும்?" என்று கேட்டுவிட்டு, விண்டரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். உள்ளே போன ஆடுகளெல்லாம் வெளியே வந்து ஒழுங்காக நின்றன.

பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் பார்த்ததில்லை.

எஸ்டேட்டில் மிளகு பறிப்பது அவர் வேலை. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறியிருக்கிற மிளகுக் கொடிக்கு ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, அணில் போல ஏறிவிடுவார். ஆடு அவருடைய சொந்தச் சொத்து. அந்தப் பெயர்களால் ஊரில் நடந்த கலாட்டா கொஞ்சமல்ல. டீக்கடை ஆறுமுகம், கடைக்குப் பின்னால் நாலு பேரோடு சீட்டாடிக்கொண்டிருந்த ஒருநாள், காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து "போலீஸ்! ஏ போலீஸ்! அங்கதான் இருக்கறியா? இரு, வர்றேன்!" என்று சத்தம் வந்தது. ஆட்டக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் பறந்தார்கள். ஆறுமுகம் பள்ளத்தில் குதித்து, கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே திரும்பிவந்து பார்த்தால், போலீஸ் அவருடைய சீட்டுக்கட்டை மென்றுகொண்டிருக்கிறது.

இன்னொரு நாள் சென்னைக் கார் ஒன்று ரோட்டோரம் நின்றது. குடும்பமே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நம்மவர் புதருக்குப் பின்னாலிருந்து, "டூரிஸ்ட்டுக் கழுத! அடுத்தவன் தோட்டத்துல உனக்கென்ன வேல? ஓடு ஊட்டுக்கு!" என்று விரட்டினார். அந்தக் குடும்பம் காரைத் திருப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாகச் சேலத்துக்கே இறங்கிவிட்டதாகக் கேள்வி.

ஆட்டை விற்பதிலும் ஒரு சம்பிரதாயம் வைத்திருந்தார். டாக்டரை விற்க வேண்டுமென்றால், முதலில் ஒரு குட்டியைத் தேர்ந்தெடுத்து மடியில் போட்டு, குழந்தைக்குப் பெயர் வைப்பதைப் போலக் காதில் மூன்று தரம் "டாக்டர், டாக்டர், டாக்டர்" என்று சொல்வார். குட்டி அந்தப் பெயருக்குப் பழகிய பிறகுதான் பெரிய டாக்டர் சந்தைக்குப் போக முடியும். விருந்துக்குக் கிடா கேட்டு வந்த சொந்த மச்சானே, வாரிசு தயாராகவில்லை என்ற காரணத்தால் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஏனுங்க இந்தப் பேரெல்லாம்?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"சும்மாதானுங்க மேடம். ஒரு அழகுக்கு."

பேங்க்குக்கும் அவருக்கும் ஆகாது. அதற்கு ஒரு கதை உண்டு. அவர் மனைவி பழனியம்மா வளைகுடா நாட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். ஆரம்பத்தில் அங்கிருந்து அனுப்பிய பணம், பாஸ்போர்ட்டில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறொரு இனிஷியல் என்று காரணம் காட்டப்பட்டு, கடலைத் தாண்டி வந்து, எங்கேயோ தலைமை அலுவலகக் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. போன பணத்துக்கும் கமிஷன், வந்த பணத்துக்கும் கமிஷன். அந்த வீட்டு டிரைவர் ஒருவர், நம்மைப் போலவே இன்னொரு ஏழை நாட்டுக்காரர், "அக்கா, எங்க ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் அனுப்புகிறோம்" என்று போனிலேயே டாலர் காயின் அனுப்பக் கற்றுக்கொடுத்தார். விலை ஏறி இறங்கிக் கண்ணாமூச்சி ஆடாமல், டாலர் என்ன விலையோ அந்த விலைக்கே நிற்கும் காயின். அன்றிலிருந்து நம்மவர் கிரிப்டோ கட்சி.

பேங்க் வரிசையில் வேலையே இல்லாமல் வந்து நிற்பார். என் கவுண்டர் வந்ததும் குனிந்து, அனுதாபத்தோடு கேட்பார்.

"ஏனுங்க மேடம், உங்க பேங்க் இன்னும் எத்தன நாளைக்குங்க?"

"சாயங்காலம் நாலு மணி வரைக்கும். உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாமுங்க. பாவமா இருக்குது, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எரிச்சலாக வரும். ஆனால் போகும்போது பலாச்சுளையோ கொய்யாவோ ஒரு பையில் கட்டிக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போவார். அந்த மனிதரைத் திட்டுவது எப்படி?

டீக்கடை பெஞ்சுதான் அவருடைய பிரசார மேடை. "பேங்க்கே இல்லாத ஊருக்கும், பேங்க் உள்ள உடாத ஆளுக்கும்தானுங்க இது. பணக்கார நாட்டுக்காரனுக்கு இது சூதாட்டம். நம்மள மாதிரி நாட்டுக்கு இது பஸ்ஸு மாதிரி. கைல இருக்கறது அந்தப் பக்கம் போயிச் சேரோணும், அவ்வளவுதான்."

ஆறுமுகம் கடையில் ஒட்டியிருந்த ஸ்கேன் அட்டையைக் காட்டினார். "டீக்காசு இதுலயே வந்துருதுங்களே. உன்ற காயின் எனக்கெதுக்கு?"

"அது கடலத் தாண்டுமா? சொல்லுங்க பாக்கலாம்."

ஆறுமுகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, ஒரு டீக்குக் காயினிலேயே காசு கொடு, பார்க்கலாம் என்றார். இதில் ஒரு சின்னச் சிக்கல். எங்கள் பக்கம் போன் பேசுவதற்கு மட்டும் பட்டிக்கு அருகே கொஞ்சம் டவர் எட்டும். நெட் வேண்டுமென்றால் பஸ் பிடித்து டவுனுக்குப் போக வேண்டும்; இல்லாவிட்டால் எஸ்டேட் எல்லையில் இருக்கும் உயரமான சில்வர் ஓக் மரத்தின் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டு பேரும் போனார்கள். இவர் ஏணியில் ஏறி, ஆறுமுகத்தின் போனையும் வாங்கி, ஏதேதோ அழுத்திக் காசை அனுப்பிவிட்டு இறங்கினார். டீ ஆறி, ஆடை படிந்து, அதில் ஒரு பூச்சி வேறு நீந்திக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தால் டீ விலையைவிட அனுப்பும் கூலி அதிகம்.

"டீக்கு ஒத்துவராதுங்க," என்று அவரே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். "பெரிய தொகைக்குத்தான்."

இந்தத் தொழில்நுட்பத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது ஒரே விஷயம். அதை மந்திரம் போலச் சொல்வார்: "இதுல ஒருத்தரையும் நம்ப வேண்டியதில்லைங்க மேடம். மேனேஜர், கேஷியர், கெவருமெண்ட்டு, ஒருத்தரையும். பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்த குடுப்பான். அந்தப் பன்னெண்டும் வரிசையாத் தெரிஞ்சா போன் தொலஞ்சாலும் பணம் நம்முது. தெரியலீன்னா கடவுளே வந்து கேட்டாலும் கெடைக்காது."

"சரி, அந்தப் பன்னிரண்டையும் எங்கே வச்சிருக்கீங்க?"

அவர் முகம் அப்படியே இறுகிவிட்டது. "அதக் கேக்கப்படாதுங்க. எழுதி வெக்கப்படாது, ஆருகிட்டயும் சொல்லப்படாது. பழனியம்மாகிட்டகூடச் சொல்லுல. ஏ லெமன், தள்ளி நில்லு, மேடம் சேலையத் திங்கற பாரு!"

படிக்கிற உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. சேலை முந்தானையை மீட்பதிலேயே கவனம் போய்விட்டது.

ஒருத்தரையும் நம்பாத இந்த மனிதரின் வீட்டுச் சாவி, எதிர்வீட்டுக் கனகாவிடம்தான் இருக்கும். கனகாவும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். இவருக்குக் குழம்பு தருவார், திட்டும் தருவார். சாயங்காலம் பழனியம்மா போன் கார்டு போட்டு அங்கிருந்து பேசுவார். ஆடு அடைக்கிற நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார். இவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு ஆடுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். காலடியில் ஒரு சின்னக் கறுப்புக் குட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் அதிகம் பேசி நான் கேட்டதே இல்லை. இதற்கா இவ்வளவு காசு செலவழித்து அந்தப் பெண் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பழனியம்மாவின் ஒப்பந்தம் முடியும் சமயம் வந்தது. இத்தனை வருடச் சம்பாத்தியமும் அந்தக் காயினாகவே போனில் இருந்தது. அதை வைத்து மாரமங்கலம் பக்கம் மிளகுக் கொடியோடு ஒரு துண்டுக் காப்பித் தோட்டம் பேசி வைத்திருந்தார்கள். தோட்டம் கைக்கு வந்தால் பழனியம்மா திரும்பி வந்து ஊரோடு இருந்துவிடலாம். இல்லாவிட்டால் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அங்கேயே அடுப்போடு கிடக்க வேண்டும். வருவதா இருப்பதா என்பதை அந்த வாரத்துக்குள் முதலாளியம்மாவிடம் சொல்லியாக வேண்டும்.

தோட்டத்துச் சொந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதற்காக, காயினை ரூபாயாக மாற்ற நம்மவர் சில்வர் ஓக்கில் ஏறினார். மழை பெய்து பட்டையெல்லாம் வழுக்கிக் கிடந்தது. எத்தனையோ வருடமாக அணில் போல ஏறிய மனிதர், கண்ணைப் போன் திரையில் வைத்துக்கொண்டு காலை எங்கே வைத்தாரோ, விழுந்துவிட்டார். கை முறிந்தது. தலையில் தையல். போன் கீழே இருந்த பாறையில் பட்டுச் சில்லுச் சில்லாகப் போயிற்று.

சேலத்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஞாபகம் இருந்தது. எங்கள் பேங்க் மூடப்போகிறது என்பதுகூட ஞாபகம் இருந்தது. கனகா வெளியே போன பிறகு, என்னை அருகே வரச்சொன்னார்.

"மேடம், ஆடுங்க பேரு ஒன்னுகூட நெனப்பு வரமாட்டேங்குது."

"அதனால என்னங்க? மெதுவா வரும்னுதானே டாக்டர் சொன்னார்."

"அதில்லீங்க." அவர் கண் நிறைந்துவிட்டது. "அதுதானுங்க அந்தப் பன்னெண்டு வார்த்த. எழுதி வெக்கப்படாதுன்னாங்க. அதான் ஆட்டுக்கு வெச்சேன். தெனம் சொன்னா மறக்காதுன்னு நெனச்சேன். பழனியம்மாளுக்கு என்ன சொல்லுவேன்? அவ வந்துருவன்னு பெட்டியெல்லாம் கட்டிட்டாளாமுங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எங்கள் பேங்க்கில் பாஸ்புக் தொலைந்தால் இரண்டு போட்டோவும் நாலு நடையும் போதும்; திட்டிக்கொண்டேயாவது வேறு கொடுத்துவிடுவோம். இதற்குக் கிளை இல்லை, கவுண்டர் இல்லை, போய்க் காலில் விழ ஒரு மேனேஜர்கூட இல்லை. அந்த நிமிடம் அந்தக் காயினைக் கண்டுபிடித்தவன் எதிரே வந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

எனக்காவது அந்தப் பெயர்கள் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். நானும்தான் தினம் கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஏழெட்டுப் பெயர் வந்தது. வரிசை கலைந்து கலைந்து போனது.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று சாயங்காலம், அதுவரை தன் வீட்டில் கட்டிப்போட்டு வைத்திருந்த ஆடுகளைக் கனகா அவிழ்த்துவிட்டார். மேய்ந்துவிட்டு வந்த ஆடுகள் பட்டி வாசலில் கூட்டமாக நின்றன. நின்றன என்றால், அசையவே இல்லை. பட்டி திறந்துதான் கிடந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள போங்களே, மழ வருது!" என்று கனகா தள்ளிப் பார்த்தார். உள்ளே போனவை திரும்பி வந்து நின்றன. கூப்பிட்டால்தானே வர வேண்டும்?

இவர் கட்டுப்போட்ட தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். காலடியில் அந்தச் சின்னக் கறுப்புக் குட்டி மட்டும் ஒட்டி நின்றது.

பொறுக்க முடியாமல் கனகா இடுப்பில் கைவைத்து, அச்சு அசல் அவரைப் போலவே கத்தினார்.

"விண்டர்ர்ர்!"

ஒரு வெள்ளை ஆடு விறுவிறுவென்று உள்ளே போனது.

"லெமன்! என்ற ரெண்டு சேலையத் தின்ன லெமன், போ உள்ள!"

டீக்கடையிலிருந்து, "அடுத்தது போலீஸுங்க! அத நா சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்!" என்று ஆறுமுகம் கணுக்காலைத் தடவிக்கொண்டே ஓடி வந்தார். அதற்குள் வேலை முடிந்து வந்த எஸ்டேட் ஆட்கள் ரோட்டில் கூடிவிட்டார்கள். அம்ப்ரெல்லா என்று ஒரு கூட்டமே கத்தியது. டாக்டரா ஹஸ்பண்டா எது முதலில் என்று சின்னச் சண்டை வந்தது. டாக்டர் தானாகவே முன்னால் வந்து நின்று அதைத் தீர்த்து வைத்தது. என் அடுக்களையில் இரண்டு தரம் புகுந்த ஆனியனை நானே கூப்பிட்டேன். டூரிஸ்ட், கிச்சன், டைகர், சிஸ்டர். வாழவந்தியில் பாதி ஜனம் ஒரு மனிதனின் சொத்துச் சாவியைத் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தது. என்ன கத்துகிறோம் என்பது எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பதினொன்று முடிந்தது. மிச்சம் அந்தக் கறுப்புக் குட்டி. அதன் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அதுக்குப் பேரே இல்லீங்க போல," என்றார் கனகா. "சிஸ்டரோட நிறுத்திக்குவாரு. அதுக்கு மேல சத்தம் கேட்டதில்ல."

ஆட்டுக்காரர் குனிந்து குட்டியைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. பதினொன்று இருந்தும் ஒன்றுமில்லை என்பதை அவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தாரே.

அப்போது கனகாவின் போன் அடித்தது. பழனியம்மா. விழுந்த செய்தி தெரிந்த நாளிலிருந்து அந்தப் போனுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கி, ஒரே மூச்சில் கேட்டேன்.

"பழனியம்மா, அந்தக் கறுப்புக் குட்டி பேரு தெரியுமா உங்களுக்கு?"

"வெல்வெட்டுங்களா? அதுக்கு முன்னால அதோட அம்மாளுக்கு அந்தப் பேரு இருந்துதுங்க. ஏனுங்க, அதுக்கு என்னாச்சு?"

"எங்களுக்கு யாருக்குமே தெரியலையே, உங்களுக்கு மட்டும் எப்படி?"

"அது எப்பவும் அவரு கால்லயே கெடக்குமுங்க. அதக் கத்திக் கூப்டோணுமா? மெல்லமாத்தான் சொல்லுவாரு. எனக்கு அது மட்டும் நொம்பப் பக்கத்துல கேக்குமுங்க. அதக் கேட்டுப்போட்டுத்தான் நா போன வெப்பேன்."

இவர் தலையை நிமிர்த்தினார். "வெல்வெட்டு," என்றார், மெல்லமாக. குட்டி உள்ளே போனது. மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் புதுப் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தார். டவர் நன்றாகக் கிடைக்கும் இடம் எங்கள் பேங்க் வாசற்படிதான். அங்கேயே உட்கார்ந்து விண்டர் முதல் வெல்வெட் வரை அவர் சொல்லச் சொல்ல, நான் ஸ்பெல்லிங் பார்த்துக் கொடுத்தேன். திரை சுற்றியது, நின்றது. பணம் அப்படியே இருந்தது. மனிதர் படியில் உட்கார்ந்தபடியே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உள்ளே போகிற வாடிக்கையாளர்கள், பேங்க் ஏதோ அநியாயம் செய்துவிட்டது என்று நினைத்து என்னை முறைத்துக்கொண்டே போனார்கள்.

அந்தப் பன்னிரண்டும் இப்போது ஊர்ச் சொத்தாகிவிட்டதால் பணத்தை உடனே வேறு கணக்குக்கு மாற்றினார். புதிதாகப் பன்னிரண்டு வார்த்தை வந்தது. தோட்டத்துக்கு வேண்டியதை ரூபாயாக்கி, வரியும் கட்டினார். பழனியம்மா வந்து இறங்கிய அன்று, பஸ் நிற்கும் முன்பே பட்டியைப் பார்த்து, "வெல்வெட்டு எங்கீங்க?" என்றார். பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினார்.

"புது வார்த்தைகளை எந்த ஆட்டுக்கு வச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஆடுங்க ஒத்துக்க மாட்டேங்குதுங்க மேடம். பழய பேர்தான் வேணுமாம்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "பழனியம்மாகிட்டச் சொல்லி வெச்சிட்டேனுங்க."

"ஒருத்தரையும் நம்ப வேண்டியதில்லைன்னு சொன்னீங்களே?"

"அது காயினுக்குங்க," என்றார்.

காயின்மீது எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண்ணின் காசு, இனிஷியல் கேட்காமல் இந்த மலைக்கு வந்து சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு மாற்றலாகிவிட்டது. இப்போது கீழே, சமவெளியில் ஒரு ஊர். பக்கத்தில் ஆடும் இல்லை, அந்த மனிதரும் இல்லை. சாயங்காலம் கதவைச் சாத்தப் போகும்போது கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிடும். அவர் மெல்லமாகக் கூப்பிடுவது இவ்வளவு தூரம் கேட்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும், வெல்வெட் உள்ளே போயிருக்கும் என்று ஒரு நிமிடம் நின்று நினைத்துவிட்டுத்தான் சாத்துகிறேன்.